பக்கத்து வீட்டுக் கருவேப்பிலை

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் பூக்கூடை. மற்றவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க மெட்ராஸ் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருக்கிறாள். மூன்று வரனாம், மூன்றும் வேறு வேறு ஏரியாவாம். அவள் சொன்ன ஒரு பேச்சில் என் தூக்கம் போய்விட்டது.

"மூணு ஏரியாவுலயும் கருவேப்பிலை கேட்டுப் பாத்துட்டேன் மதினி."

"யாருகிட்ட?"

"மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல. அவசரத்துக்கு ஒரு கொத்து குடுக்காத சனத்துக்கு நடுவுல புள்ளைய எப்படி விடுறது?"

"அதுஞ்சரிதான். குடுத்தாகளா?"

"அடையாறுல கதவையே தொறக்கலை. செவுத்துல இருந்த பொட்டி யாருன்னு கேட்டுச்சு. கருவேப்பிலைன்னேன். நாங்க ஆர்டர் போடலைன்னு சொல்லிருச்சு."

பூக்கூடைக்காரி சிரித்ததில் கூடையே ஆடியது.

"மைலாப்பூர்ல?"

"அந்தம்மா குடுத்துச்சு. நாலு இலை."

"பெரம்பூரு?"

"அவ தங்கம் மதினி. கையப் பிடிச்சு உள்ள கூட்டிப் போயி, காப்பி குடுத்து, எந்த ஊரு, எத்தனை புள்ளைகன்னு விசாரிச்சு, ஒரு கட்டு கருவேப்பிலையோட அரைமூடித் தேங்காயும் குடுத்துவிட்டா. பேச்சு சுவாரசியத்துல பொழுது சாஞ்சிருச்சு. இந்த இடத்தையே முடிச்சிருவோம்னு அங்கிருந்தே உங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"மாப்பிள்ளை ஆளு எப்படி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த வீட்டுக்குப் போகத்தான் நேரமில்லாமப் போச்சு மதினி."