கழுவிய ஸ்லைடு

புரதக் கறை பட்ட கண்ணாடியைச் சுடுதண்ணீரில் கழுவக்கூடாது, ஐயா. வெந்துபோய் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். இதுகூடத் தெரியாமல் வந்து சேர்ந்த டாக்டர்கள் யார் யார் என்று கேட்டால் பட்டியலே தருவேன். அது வேறு கதை.

என் ஓரகத்தியைப் பற்றித்தானே விசாரணை? நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம். கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரம், வீடு நிறைய விருந்தாளிகள். "அக்கா லேப்ல பெரிய விஞ்ஞானியாக்கும்னு நெனச்சேன். போய்ப் பாத்தா கிளாஸ் கழுவுறாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவள் போர்த்தியிருந்தது கிளிப்பச்சைச் சால்வை.

போன வருஷம் அவளுக்கு நுரையீரலில் புற்று. புகைத்தவள் இல்லை, எதிர்வீட்டுக்காரர் பற்றவைத்தாலே தன் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறவள். அவளிடம் எடுத்த சதைத்துணுக்கு எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு கெடு உண்டு. வேளை வந்தால் தானாகச் சாகும். அதை முடுக்கவும் அடக்கவும் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மிஞ்சிவிட்டால், வீட்டுக்குள் புகுந்த வம்புக்காரி மாதிரிதான். 'நீ ஏன் சாகணும், இன்னும் பெருகு' என்று ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். புற்று வளர்வது அப்படி. அந்தப் புரதத்தின் வாயை அடைக்க ஒரு மாத்திரை இருக்கிறது. அடைத்தால் புற்றுச் செல்கள் தாமே சாகும். ஆனால் புரதம் மிஞ்சியவர்களுக்கு மட்டும்தான் அதைக் கொடுப்பார்கள். சதையை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், புரதம் உள்ள இடம் பழுப்பாகும். பழுப்பானால் மாத்திரை. இல்லாவிட்டால் இல்லை.

அவளுடைய ஸ்லைடு காப்பிப்பொடி நிறத்துக்கு ஏறியிருந்தது.

சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, அந்தப் புரதம் இல்லாத வேறொருவரின் நுரையீரல் புற்றுச் சதையையும் கூடவே போடுவது எங்கள் வழக்கம். என்றோ இறந்த ஒரு பெரியவருடையது. டப்பா நிறைய இருக்கிறது. அன்று அதில் இரண்டு போட்டேன். ஒன்றின் மேல் அவள் எண்ணை எழுதி வைத்தேன். டாக்டர் பார்த்து, 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டார். ஏன் என்றால், பரிதாபம்தான் ஐயா. மாத்திரையை நம்பி இழுத்துக்கொண்டு கிடப்பானேன்?

முடிவை நானே கொண்டுபோனேன்.

"அக்கா, இன்னொரு தடவ பாக்கச் சொல்ல முடியாதா?"

"நானே பக்கத்துல நின்னு பாத்தேன்மா."

"நீங்க பாத்தீங்கன்னா சரிதான். உங்களவிட அங்க யாருக்குத் தெரியும்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மரியாதை வரப் பத்து வருஷம் ஆயிற்று, பாருங்கள்.

நாலு மாதம் தினமும் போய்த் தலை வாரிவிட்டேன். ஒரு வாக்கியம் பேச மூன்று முறை மூச்சு வாங்குவாள். நான் அவசரப்படுத்தியதே இல்லை. "அண்ணி மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்று கொழுந்தன் அழுதான்.

பிசகியது ஒரே இடம். அந்தப் பெரியவர் விடாமல் புகைத்தவர். சதை முழுக்கக் கரிப்புள்ளி. அவள் போன பிறகு, புதிதாக வந்த டாக்டரம்மா பழைய ஸ்லைடுகளைப் புரட்டி, "பொகையே பிடிக்காதவங்க நெஞ்சுல இவ்வளவு கரி எப்படி?" என்று கேட்டுத் தொலைத்தார். அவளிடம் எடுத்ததில் மிச்சமிருந்த சதைக்குத் திரும்பச் சாயம் ஏற்றினார்கள். பழுப்பு.

ஆமாம், மாற்றியது நான்தான். அசல் ஸ்லைடு இதோ, கைப்பையிலேயே இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துளிக் கறை இருக்காது. கடைசி நாளன்று அவள் கண்ணெதிரிலும் பிடித்து, "நல்லா கழுவியிருக்கேனா?" என்று கேட்டேன். பாவம், அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

எனக்கு அது போதும்.