இரண்டு பாட்டுக்கு நடுவே

கதவைச் சாத்து. தாழ்ப்பாள் மட்டும் போடாதே... ஏன் என்று கதை முடியும்போது நீயே கேட்கமாட்டாய்.

இரவு இரண்டு மணி இருக்கும். ஈ காக்கை இல்லாத சாலை. ஒரு பக்கம் புதர், மறு பக்கம் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். கச்சேரி முடிந்து ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர்.

இதை எனக்குச் சொன்னது என் நண்பனுடைய அத்தான். கச்சேரிகளில் சவுண்ட் போர்டில் உட்காருகிறவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். தெரிந்திருந்தால் இதற்குள் வீடு கட்டியிருப்பார்.

வேனில் இருந்த இருவரும் கீபோர்டு வாசிப்பவர்கள். பெரியவரை எல்லோரும் ஒல்லி என்பார்கள். அவருக்குத் துணையாக இரண்டாவது கீபோர்டு வாசித்தவன் சுருட்டை.

ஒல்லி சத்தங்களைத் தானே உருவாக்குகிறவர். ராத்திரி பகல் உட்கார்ந்து இழைத்து, பாட்டு வரிசைப்படி கீபோர்டுக்குள் அடுக்கி வைத்திருப்பார். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் அடுத்த சத்தம், மிதித்தால் அதற்கடுத்தது. அதில் அவருக்கு ஒரு பழக்கம். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைப்பார். அங்கே சத்தமே இருக்காது.

“பாட்டு முடிஞ்சா வாய மூடணும். கை தவறிப் பட்டாலும் ஜனங்களுக்கு ஒண்ணும் கேக்கக் கூடாது” என்பார்.

“காலி வீட்டுக்கு வாடகை கட்டுற ஆளு” என்று சுருட்டை கேலி செய்வான். உள்ளுக்குள் வயிற்றெரிச்சல். அந்தச் சத்தங்களில் ஒன்றைக்கூட அவனால் உருவாக்க முடியாது.

அன்றைக்கு ஓட்டியது சுருட்டை. கண் அயர்ந்துவிட்டான். வேன் பள்ளத்தில் சரிந்தது. ஒல்லி பக்கத்துக் கதவு சேற்றில் புதைந்து உள்ளேயிருந்து திறக்கவில்லை. சுருட்டை எப்படியோ வெளியே வந்துவிட்டான். அவனோடு கீபோர்டுப் பெட்டியும் வந்தது... யோசித்துப் பார். பெட்டியை எடுக்க நேரம் இருந்திருக்கிறது.

“அடிபட்ட உடனே அண்ணன் போயிட்டாரு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுதான். ஆனால் உடலைத் துடைத்தவர்கள் பார்த்தார்கள். ஒல்லியின் வலது கை விரல் முட்டிகளில் தோலே இல்லை.

ஒல்லியின் மனைவி அந்தக் கீபோர்டைக் கேட்டார். “தண்ணி பூந்து அதுவும் செத்துப்போச்சு அண்ணி” என்றான் பாவி. வாய் கூசவில்லை.

அடுத்து வந்தது பெரிய அரங்கில் ஒரு கச்சேரி. ஒல்லியின் நாற்காலி இப்போது சுருட்டைக்கு. இது நன்றாகப் போனால் அவனுக்கே நிரந்தரம். முந்தின நாள் ஒத்திகை அறையில் உட்கார்ந்து, ஒல்லியின் கீபோர்டில் இருந்த காலி இடங்களை ஒவ்வொன்றாக அழித்தான். கீபோர்டை அணைத்துத் திரும்பப் போட்டான். எல்லாம் அப்படியே இருந்தன. மறுபடி அழித்தான். மறுபடி வந்தன.

“பழைய மெஷினு, மக்கர் பண்ணுது” என்றான், ஒயர் மாட்டிக்கொண்டிருந்த அத்தானிடம்.

அவருக்கு அந்த அறையில் சேற்று வாடை அடித்ததாம்.

கச்சேரியில் முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல். சுருட்டை பெடலை மிதித்தான். காலி இடம்...

அத்தானின் ஹெட்போனில் தண்ணீர். களக்... களக்... எதற்குள்ளோ மெல்ல நிறைகிற சத்தம். போர்டைப் பார்த்தார். சத்தம் வந்தால் எரிகிற கீபோர்டு விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. அரங்கில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் சுருட்டை மட்டும் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் பார்த்தான்.

இரண்டாவது பாட்டு முடிந்தது. மிதித்தான். தகரத்தில் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். தட்... தட்... தட்... “டேய் சுருட்ட, கதவத் தொறடா.”

அடுத்த பாட்டுக்குப் போக வேண்டுமென்றால் காலி இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவனுக்கு வேறு வழி இல்லை.

மூன்றாவது இடத்தில், பெட்டியின் கொக்கிகள் மாட்டுகிற சத்தம். டக்... டக். பிறகு சேற்றில் காலடிகள், ஓட்டமும் நடையுமாக மேலே ஏறிப் போயின. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கடைசிப் பாட்டு பாக்கி. சுருட்டை பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

“தொறந்திருப்பேண்ணா... நீ இருந்தா அந்த நாற்காலி எனக்கு எப்பண்ணா கிடைக்கும்?”

அரங்கம் முழுக்கக் கேட்டது. நிகழ்ச்சியில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். அவன் பின்வாசல் வழியாக ஓடினான்.

விடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அரங்கின் பின்னால் நிறுத்தியிருந்த வேனுக்குள், உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தான். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. சுற்றிலும் காய்ந்த சிமெண்டுத் தரை. வேனில் ஒரு கதவுகூடப் பூட்டியிருக்கவில்லை. ஆனாலும் அவன் விரல் முட்டிகளில் தோல் இல்லை.

எனக்கு வருத்தமே கிடையாது. நன்றாக வேண்டும் என்றுதான் சொல்வேன்.

அத்தான் கீபோர்டை எடுத்துப்போய் ஒல்லியின் மனைவியிடம் கொடுத்தார். வேலை செய்கிறதா என்று காட்டப் போனவர், வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார். கடைசிப் பாட்டுக்குப் பிறகு அதில் எதுவும் இருந்ததில்லை. இப்போது புதிதாக ஒரு காலி இடம் வந்திருந்தது.

ஹெட்போனை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் காதில் வைத்துக்கொண்டார்கள். அத்தான் பெடலை அமுக்கினார்.

தட்... தட்... தட்... “அண்ணா, தொறண்ணா... அண்ணா...” சுருட்டையின் குரல்.

வெளியே யாரோ பெட்டியை மூடினார்கள். டக்... டக். அதன் பிறகு காலடிகள். ஓடவில்லை. ஒவ்வோர் அடியாக மேலே ஏறிப் போயின.

அத்தான் நிறுத்தப் போனார். ஒல்லியின் மனைவி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“அவரு நடதான்” என்றார். “எதுக்கும் அவசரப்பட மாட்டாரு.”