ஹவுளில் விட்ட நேர்ச்சை மீன்கள்

மதுரை ஜில்லா திண்டுக்கல் டவுன் பள்ளிவாசல் சந்தில் குடியிருக்கும் பீர் முகமது மகன் அப்துல் லத்தீப், வயது 42, தொழில் மளிகைக் கடை, 1960ம் வருஷம் மே மாதம் 12ந் தேதி வியாழக்கிழமை பகல் டவுன் ஸ்டேஷனுக்கு யாரும் கூப்பிடாமல் தானே வந்து சொல்ல, சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் ஏட்டு எழுதிக்கொண்டது.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி சைதூன், மகள் கமர்ஜஹான் ஆகியோருடன் வசித்து வருகிறேன். எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்கிற ஹவுள் என்னும் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் ஜமாத்தார் கெண்டை மீன் வளர்க்கிறார்கள். மீன்களையும் ஹவுளையும் கவனிக்கும் பொறுப்பு சில வருஷமாக என்னிடம் இருந்து வருகிறது. அந்த மீன்களைத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் மீரான் என்பவர் சாகடித்துவிட்டார் என்று முந்தாநாள் கொடுக்கப்பட்ட புகாரில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான். மேற்படி மீரான் நேற்று முதல் இந்த ஸ்டேஷனில் இருக்கிறார். அவர் சாகடிக்கவில்லை என்பது கையெழுத்துப் போடும்போதே என் உள்மனசுக்குத் தெரியும்.

நடந்தது யாதெனில், சென்ற வருஷம் ஹவுளில் சில மீன்கள் செத்து மிதந்தபோது மீன் இலாகாவில் வேலை பார்க்கும் மரியசெல்வம் என்பவரை நான் அழைத்து வந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, தண்ணீரை மாற்றச் சொன்னார். அதன் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, “புதுசா மீன் வாங்கினா நேரா உள்ள விட்றாதீங்க பாய். வேற தொட்டியில கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க. உப்புத் தண்ணியில செத்த நேரம் விட்டு எடுங்க. மேல பேன் ஊர்றது தெரிஞ்சா விடவே விடாதீங்க” என்று சொன்னார். நான் சரி என்றேன். இதை வீட்டில் மனைவியிடம் சொன்னதோடு சரி, ஜமாத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பெரிய காரியமாக எனக்குப் படவில்லை.

அதன் பிறகு இந்த வருஷம் என் மகளுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு, பிழைப்பாளா என்று இருந்த நிலையில், அவள் எழுந்து உட்கார்ந்தால் ஹவுளில் புது மீன் விடுவதாக நேர்ச்சை வைத்தேன். பிள்ளை தேறிவிட்டாள். அதன்பேரில் சென்ற மாதம் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தோட்டக் குளத்தில் மீன்குஞ்சுகள் வாங்கி, தகர டின்னில் தண்ணீரோடு பஸ்ஸில் கொண்டு வந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. சின்னாளப்பட்டியிலிருந்து மச்சினன் குடும்பம் வந்திருந்தது. ஜும்மா முடிந்து மீன் விட்டு, வீட்டில் நெய்ச்சோறு என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அப்போது என் மனைவி, “அந்த மீன் இலாகாத் தம்பி சொன்ன மாதிரி தொட்டியில வச்சுப் பாத்துட்டு விடுவோமே, நேர்ச்சை எங்க ஓடிப் போகப் போகுது” என்றாள். நான், “நேர்ச்சை மீனை உப்புல ஊறப் போட இது என்ன கருவாடா?” என்று கேட்டேன். மச்சினன் வீட்டார் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப் போய் அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலு பேர் சிரித்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு ஜும்மா முடிந்து ஜமாத்தார் பார்க்க நான் மீன்களை விட்டேன். விடும்போது ஒரு குஞ்சின் செதிலில் தட்டையாக, எள்ளுத் தோல் போல ஏதோ ஒட்டியிருந்து அது நகர்ந்தது. தவிட்டுத் துண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நகத்தால் தட்டிவிட்டேன். தவிடு நகராது என்று மளிகைக் கடைக்காரனுக்குத் தெரியாதா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், டின்னைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு கோடையில் ஹவுளில் தண்ணீர் குறைந்தது. மீன்கள் சுவரில் உடம்பை உரசிக்கொண்டு திரிந்தன. மேலே சிவப்புச் சிவப்பாகப் புண் வைத்தது. பொரி போட்டால் வரவில்லை. சென்ற வாரம் செத்து மிதக்க ஆரம்பித்து, கூடையில் அள்ளும்படி ஆகிவிட்டது. வாடை தாங்காமல் ஜமாத்தார் கூடினார்கள். செயலாளர் பக்ருதீன், மீரான் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் மிதிக்கிறவர் என்றும், அவர் காலிலுள்ள சுண்ணாம்புதான் தண்ணீரைக் கெடுத்தது என்றும் சொல்லி, “லத்தீப் பாய், நீங்கதானே பாத்துக்கிறீக. இவன் ஹவுள்ள கால் கழுவுனதப் பாத்தீகளா?” என்று என்னைக் கேட்டார். நான் பார்த்தேன் என்று சொன்னேன்.

நான் சொன்னது பொய்யல்ல. ஹவுளில் கால் கழுவாதவர் யாரும் கிடையாது, அது கழுவுவதற்கென்றே உள்ளது. மீரான் வேலை முடிந்ததும் ஷாப்புக் கிணற்றில் குளித்து, கைலி மாற்றி, அதன் பிறகே பள்ளிக்கு வருவார். அதற்குச் சோப்பு வாங்குவது என் கடையில்தான். இதையும் நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மீரான் அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்து, “எல்லாரும்தானே கழுவுறோம், சொல்லுங்கண்ணே” என்றார். நான் தலையைக் குனிந்து என் செருப்பைத் தேடுவது போல இருந்தேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

அதன் பிறகு புகார் எழுதப்பட்டு நான் கையெழுத்துப் போட்டேன். நேற்று மத்தியானம் மரியசெல்வம் தகவல் கேள்விப்பட்டுப் பள்ளிக்கு வந்தார். அப்போது நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன். அவர் சாகக் கிடந்த ஒரு மீனை உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் ஊர்ந்ததைக் காட்டி, “இது மீன்பேன் பாய். மீனுக்கு மீன் தொத்துறது. சுண்ணாம்புல இது வராது. புதுசா எதுவும் விட்டீங்களா?” என்று கேட்டார். விட்டேன் என்றேன். உப்புத் தண்ணியில போட்டீங்களா என்றார். இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. பேனைக் கொல்ல மருந்து உண்டு, ஆனால் ஜனங்கள் வாய் கொப்பளிக்கிற தண்ணீரில் அதைக் கலக்க முடியாது, ஆகவே தண்ணீர் முழுவதையும் இறைத்து, அடியில் சுண்ணாம்பு தூவிக் காயப்போட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும் என்று சொன்னார். சுண்ணாம்பு என்று ஒருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மருந்துக்கும் அதே சுண்ணாம்புதான் என்றால் என் நிலைமையைத் தாங்கள் யோசித்துக்கொள்ளலாம். நான் அவர் கையைப் பிடித்து, ஜமாத்தாரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர், “நான் சொல்லல. ஆனா ஒரு ஆள் உள்ள இருக்காரே, நீங்க சொல்லிருங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

அதன் பிறகு சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் சொல்லிவிட நினைத்து எழுந்து நின்றேன். அதற்குள் பக்ருதீன், மீன்களை நான் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொண்டேன் என்றும், இப்படி ஆனதில் எனக்குத்தான் அதிக வருத்தம் என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் சைதூன் சோற்றை வைத்துவிட்டு அப்பால் போனாள். மீரானுடைய மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று, கேஸ் முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று ஷாப்பு முதலாளி சொல்லிவிட்டதாகவும், நான் ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டேஷனில் கேட்பார்கள் என்றும் சொன்னார். என்னை நல்லவன் என்று நம்பிச் சொன்னார். அந்த இடத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மீரானை விட்டுவிட்டு, பொய்ப் புகாருக்கு என் பேரில் என்ன நடவடிக்கையோ அதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜமாத்தில் சொல்லியிருந்தால் அவர்களே புகாரை வாபஸ் வாங்கியிருப்பார்களே, ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டதற்கு, இங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று சொன்னேன். நாளைக்கு ஜும்மாவில் எழுந்து சொல்வாயா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. யாருடைய பயமுறுத்தலும் இல்லாமல் சொன்னது, எல்லாம் உண்மை. இதை மீரான் எதிரில் இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்லி, அவரை அழைத்து வர ஆள் அனுப்பியிருக்கிறார். அவர் வருவதற்கு முன்பாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டுப் போட்டேன்.

(ஒப்பம்) பீ. அப்துல் லத்தீப்