சேவ் பட்டன் இருக்கும் இடம்

ஆவுடையார்கோவில் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள்.

"பிள்ளைங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் நல்லாப் பழகிருச்சுன்னா, நான் உடனே வேறதுக்கு மாத்திருவேன்" என்றார் ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டர் டீச்சர்.

"ஏன் டீச்சர் அதுகளை இந்தப் பாடு படுத்துறீங்க?"

"எங்கிட்ட நல்லா டைப் பண்ணுன பொண்ணு ஒண்ணு, கோட்டைப்பட்டினத்துல ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போச்சு. அங்க வேற சாஃப்ட்வேர். சேவ் பட்டன் நான் காட்டுன எடத்துல இல்லைன்னு எதையும் தொடாம உக்காந்திருந்துச்சாம். மறுநாள் வேலைக்கே போகல."

"பயந்த பிள்ளையா இருக்கும்."

"இல்லைங்க. எடத்தை மனப்பாடம் பண்ண வச்சது நான்தானே?"

மற்றவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மாத்துறப்ப பிள்ளைங்க திட்டலையா?"

"திட்டுதுங்க. திட்டிக்கிட்டே தேடுதுங்க."