கண்ணில் படக்கூடாத பட்டன்

— மறைச்சா என்ன ஆகுதுன்னு இன்னொரு தடவை சொல்லு தம்பி. போன்ல கேக்க காதுக்கு நல்லா இருக்கு.

— விளையாடாதீங்கக்கா. 'சந்தாவை நிறுத்து' பட்டனை மறைச்சா, 'பணம் கட்டு' பட்டனும் கூடவே காணாமப் போயிடுது. அதைத் திரும்ப வச்சாதான் இதுவும் வருது. காலைலேர்ந்து தலையைப் பிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

— என் நாற்காலியிலயா? அது இன்னும் ஒரு பக்கமா சாயுதா?

— சாயுது. கீழ அட்டையை மடிச்சு வச்சிருக்கேன்.

— என் சீட்டைக் கிழிச்ச கையோட அதையும் மாத்தியிருக்கலாம்.

— அக்கா, நீங்க கட்டின வெப்சைட் இது. ரெண்டு பட்டனையும் எந்த இடத்துல முடிச்சுப் போட்டு வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்.

— அந்தப் பட்டனை மறைக்க மாட்டேன்னு சொன்னதுக்குத்தானே என்னை அனுப்பினாங்க? இப்போ மறைக்க வழியும் நானே சொல்லணுமா? நல்ல கதையா இருக்கே.

— தள்ளு தம்பி, ஸ்பீக்கர்லதானே இருக்கு. அம்மா, நான் பேசறேன்.

— வாங்க சார். நீங்க பக்கத்துல நிக்கறீங்கன்னு தம்பி எச்சில் முழுங்கறதுலயே தெரிஞ்சுது.

— நான் என்ன அதைத் தூக்கிப் போடுன்னா சொன்னேன்? அடியில தள்ளி, சின்னதா, கொஞ்சம் வெளிறின கலர்ல வைன்னேன். வேணும்ங்கறவங்க தேடி எடுத்துக்கட்டும்.

— பழைய சைட்ல அப்படித்தானே இருந்தது? ஒரு அம்மா போன் பண்ணாங்களே, ஞாபகம் இருக்கா சார்? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. நாம பாட்டுக்கு மாசாமாசம் அவர் பேர் போட்டு மருந்துப் பெட்டியை அனுப்பிக்கிட்டே இருக்கோம். "எங்க தொட்டா நிக்கும்னு சொல்லும்மா, பெட்டியைப் பிரிக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல"ன்னு அழுதாங்க. எனக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கல.

— எல்லா கம்பெனியும் இப்படித்தாம்மா வச்சிருக்கான். நான் மட்டும் தர்மம் பண்ண முடியுமா?

— தர்மம் யாரு கேட்டா? கதவுக்குக் கைப்பிடி வைங்கன்னேன், அவ்வளவுதான். ஏய், ஏய், இப்போ வேண்டாம்.

— என்னையா சொல்ற?

— ஐயோ, இல்ல சார். என் கம்ப்யூட்டரைச் சொல்றேன். தானா அப்டேட் ஆரம்பிச்சிடுச்சு. பாதி வேலையைச் சேவ் பண்ணவே இல்ல. பாருங்க, சுத்துது. போச்சு.

— உன் கம்ப்யூட்டரே உன் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நீ ஊரைத் திருத்தப் போற.

— இது படுத்தற பாட்டை என்கிட்ட கேளுங்க சார். ஒரு பிரௌசர்ல பக்கம் நேரா நிக்கும், இன்னொண்ணுல கோணிக்கும். பழைய போன்ல பாத்தா எழுத்து மேல எழுத்து ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு புள்ளி விட்டுப் போனதுக்கு ராத்திரி பூரா முழிக்க வைக்கும். ஆனா நான் முதல்ல எழுதின ரெண்டு வரி திரையில நீலமா வந்து நின்னப்போ, எங்க வீட்டுல எல்லாரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டினேன். இப்பவும் ஒரு பக்கம் சரியா வந்துட்டா அதே ஆட்டம்தான். இது என்னைப் படுத்தினா பொறுத்துக்குவேன், இதுக்கு யார் மேலயும் வஞ்சம் கிடையாது. இதை வச்சு ஊரை ஏமாத்தச் சொன்னா மட்டும் என் கை ஓடாது.

— உன் அனுபவச் சான்றிதழ் இன்னும் என் மேஜை மேலதான் கிடக்கு. தெரியுமில்ல?

— தெரியும். புது வேலைக்கு அது இல்லாம உள்ள விட மாட்டாங்க.

— அப்போ சொல்லிடு. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.

— போடாதீங்க சார். வேலை இல்லேன்னா வீட்டுல அண்ணி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க. அதைப் பாத்துக்கலாம்.

— திமிரு. தம்பி, நீயே பேசி வழிக்குக் கொண்டு வா. கீழ ஆளுங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தப் பட்டன் என் கண்ணுல படக்கூடாது. பட்டுச்சுன்னா நீயும் கிளம்பிடு.

— சரிங்க சார்.

— போயிட்டாரா?

— படி இறங்கறாரு. ஸ்பீக்கரை அணைச்சுட்டேன்.

— உன் மேல எனக்குக் கோபம் இல்ல தம்பி. உன் வேலைக்கு ஆபத்துன்னு தெரியுது, கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என் வாயைப் பிடுங்காதே. என்கிட்டேர்ந்து வராது.

— முடிச்சு எங்க இருக்குன்னு எனக்குக் காலைலயே தெரிஞ்சிடுச்சுக்கா.

— என்னது? அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம்?

— அவரு பக்கத்துலயே நின்னாரு, தெரியாத மாதிரி நடிச்சேன், வேற என்ன பண்றது. அழகாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா விவரமானவன் வந்தா பத்து நிமிஷம் தாங்காது.

— அவுத்துட்டியா?

— இல்ல. சாயங்காலம் நானும் கிளம்பறேன். நாளைக்கு வேற யாராவது வந்து உட்காருவாங்க. அவங்களாலயும் அவுக்க முடியாதபடி எப்படிக் கட்டறதுன்னு சொல்லுங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன்.