இருபத்தேழாம் கன்றைக் காத்தவருக்கு

"ஜீவராணி, மத்த கன்னெல்லாம் வாடிக் கெடக்கு. இந்த இருபத்தேழாம் கன்னு மட்டும் எப்படிப் பச்சையா நிக்குது? தண்ணி ஊத்துனீங்களா?"

பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஆய்வு அதிகாரி ராமநாதன் ஐயா உங்களிடம் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் இன்று உங்களை வணங்குகிறோம், மழை ஓயாத மலையில் ஒரு கொட்டகைக் கோடையைக் காத்த அம்மையே!

வெளியே டயகமத் தோட்டம் முழுதும் பனியில் மிதக்க, கொட்டகைக்குள் ஒரே தாய்த் தேயிலையின் விதையில் முளைத்த நாற்பது கன்றுகள் தாகத்தில் கிடந்தன. எது வறட்சியைத் தாங்குமென்று அறிய, ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. கூரையில் மழை தட்டத் தட்ட, கன்றுகள் தலை கவிழ்வதைக் கனவில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஊற்றிப் பழகிய கைகளுக்கு அது எத்தனை கடினம்!

பன்னிரண்டாம் நாள் வந்தது அந்தக் கேள்வி. ஊற்றியிருந்தால் சோதனை வீண். நீங்களும் நாற்றுமேடையை விட்டு மறுபடி கொழுந்து பறிக்கப் போக வேண்டும்.

"ஊத்தலைங்க ஐயா," என்றீர்கள்.

பக்கத்தில் நின்ற, எங்களில் ஒருத்தியான ராக்காயி சிரித்தாள். "சும்மா சொல்லாதக்கா! புள்ள வாடுனா ஒனக்குத் தாங்குமா? ஒரு செரட்டையாச்சும் ஊத்தியிருப்ப."

நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

நீங்கள் சிரிக்கவில்லை. கொட்டகைச் சாவியை ஐயாவிடம் நீட்டினீர்கள். "ஒங்க கையாலயே பூட்டுங்க. எட்டு நாள் கழிச்சுத் தெறந்து பாருங்க."

எட்டு நாளும் அந்தப் பக்கம் திரும்பாமல் மண் சலித்தீர்கள். கதவு திறந்தபோது முப்பத்தொன்பது கன்றுகள் கருகியிருந்தன. இருபத்தேழு மட்டும் தூங்கும் குழந்தைபோல் இலை மடித்து, பச்சையாகவே நின்றது.

"இது பொறவிக் கொணம்," என்றார் ஐயா. "மன்னிச்சிருங்க, ஜீவராணி."

பின்னாளில் அதன் விதையில் பிறந்த கன்றுகளில் ஏறக்குறையப் பாதிக்கு அந்தக் குணம் இருந்தது. இன்று மாசி வெயிலிலும் மேல்மலையில் பசுமையாக நிற்பவை அவைதாம்.

ஐயா அன்றே மன்னிப்புக் கேட்டார். நாங்கள் கேட்கவேயில்லை. சட்டமிட்டு உங்கள் சுவரில் மாட்டப்போகும் இந்த மடலில் இப்போது கேட்கிறோம். முப்பத்தோர் ஆண்டுகள் உழைத்த உங்கள் கைகளுக்கு இனி ஓய்வும், உடலுக்கு வாடாத நலமும், நாள்தோறும் நல்ல உறக்கமும் வாய்க்கட்டும்!

நேற்று மாலை சாவியை ஆணியில் மாட்டினீர்கள். இருபத்தேழின் பிள்ளைகள் நிற்கும் வரிசையில் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு பனிக்குள் நடந்து போனீர்கள்.

இப்படிக்கு,
ராக்காயி,
மற்றும் நாற்றுமேடைப் பணியாளர்கள்,
டயகம.