பொட்டுக்கு மேலே போன கோடு

ஹலோ... ஹலோ... ஏங்க, ஆல்வின் இருக்காரா?... ஆல்வின்ங்க, திண்டுக்கல் ஆல்வின்... ஜாவா டீம்ல இருப்பாரே, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு... ஆமா, ஆமா, அவருதான். மீட்டிங்னா எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. ஊர்ல ஆசுபத்திரியிலேர்ந்து போன்னு சொல்லுங்க... இல்லைங்க, அவங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா அதை மட்டும் அவர்ட்ட சொல்லிராதீங்க, பயந்துபோயி ஓடி வரட்டும்.

...

யாரு, ஆல்வினா? இளவேனில் பேசுறேன்... உங்கம்மா நல்லா இருக்காங்கடா, நேத்துகூட காய்கறி மார்க்கெட்ல பாத்தேன்... ஆமா, உன்னை வரவைக்கத்தான் அப்படிச் சொன்னேன். நான் நாலு தடவை அடிச்சு நாலு தடவையும் நீ எடுக்கல... கோவப்படு. நல்லாக் கோவப்படு. நானும் அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கேன்.

நீயும் நானும் சேந்து ஒரு ஆசுபத்திரிக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்தோமே, ஞாபகம் இருக்கா, இல்ல மெட்ராஸுக்குப் போனதும் அதுவும் மறந்துபோச்சா?... அதேதான். அந்த வார்டு நர்ஸ் மேசையில உக்காந்துதான் பேசுறேன்... வாயை மூடிட்டுக் கேளுடா.

காலையில ஏழரை மணிக்கு ஒரு ஆளுக்கு ஆகாத ஊசியப் போட்டுட்டாங்க. கருப்புசாமின்னு பேரு. நிலக்கோட்டைக்காரரு, பூ வேன் ஓட்டுறவரு, கால் முறிஞ்சு படுத்திருக்காரு. அந்த வலி ஊசி அவருக்குச் சேராது. சேர்க்கும்போதே அவரு சம்சாரம் சொல்லிருச்சு, கவுண்டர்ல டைப் அடிச்சு ஏத்தியும் இருக்காங்க. நம்ம டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு. ஊசி போட்டவ கண்ணுக்குத்தான் தெரியல...

உசிரோட இருக்காரு... ஆமா... ஆமாங்குறேன்ல! மூஞ்சி வீங்கி, மூச்சு இழுத்து, மாத்து மருந்து குடுத்து, இப்பத்தான் எந்திரிச்சு ஒரு வாய் கஞ்சி குடிச்சாரு... பெருமூச்செல்லாம் விடாத. இன்னும் முடியல.

ஊசி போட்ட நர்ஸு அங்காளம்மாள்னு ஒரு பொண்ணு. தொப்பம்பட்டிப் பக்கம். வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகல. பதினோரு மணிக்கு டாக்டர் வந்து அவளை வேலைய விட்டு எடுக்கப்போறாரு. சும்மா எடுத்தாக்கூடப் பரவால்ல, அஜாக்கிரதையா இருந்தான்னு கைப்பட எழுதிக் குடுப்பாராம். அந்தக் காகிதத்தோட அவ இனி எந்த ஆசுபத்திரி வாசப்படி ஏற முடியும்? இப்ப மணி பத்தே முக்கால். காலையிலேர்ந்து அவளை டாக்டர் ரூம் வாசல்ல நிக்க வச்சிருக்காங்க. ஒரு ஸ்டூலு குடுக்க ஆளில்ல. இந்தா, இங்கேர்ந்து பாத்தாத் தெரியுது...

தப்பு அவளோடது இல்லடா. தப்பு உன்னோடது... ஆமா, உன்னோடதுதான். அந்த ஸ்கிரீன் யாரு எழுதுனது? மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி, நடுவுல இழுக்கிற கோடு, ஸ்பிளிட் பேன். ‘இப்ப அமெரிக்காவுல எல்லாம் இப்படித்தான், ஆளாளுக்கு வேணுங்கிற அளவுல வச்சுக்கலாம்’னு குதிச்சது யாரு? மேல் பெட்டியில யாருக்கு எது ஆகாதுன்னு சிவப்புல வரும், கீழ் பெட்டியில இன்னைக்கு என்னென்ன மருந்துன்னு வரும். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப என்ன ஆயிருக்கு தெரியுமா? கோடு ஒரேயடியா உச்சியில போயி ஒட்டிக்கிச்சு. மேல் பெட்டி சுத்தமா இல்ல. பஸ்ல மூணு பேர் சீட்டுல ஒருத்தன் நெருக்கி நெருக்கி ஓரத்துல இருக்கிறவனக் கீழ தள்ளுவானே, அந்தக் கதைதான்...

யாரு இழுத்தாங்களா? இழுத்தவங்க மேல கோவப்படவும் முடியலடா, அதான் எனக்கு எரிச்சலே. ஆயுத பூசை அன்னைக்கு அட்டெண்டர் ஸ்டெரிலைசர்லேர்ந்து ஸ்ட்ரெச்சர் வரைக்கும் அம்புட்டுக்கும் சந்தனம் வச்சிருக்காரு. கம்ப்யூட்டருக்கும் வச்சிருக்காரு. எங்க வச்சாரு? டப்பா மேல வைக்கக் கூடாதா? ஸ்கிரீன் கண்ணாடியில, நட்டநடுவுல, வடை தண்டிக்கு ஒரு சந்தனம், அதுக்கு மேல குங்குமம்... சிரிச்சேன்னா போன வச்சிருவேன். இது சிரிக்கிற நேரமா?

நடுவுலதானே கீழ் பெட்டி ஆரம்பிக்குது? மருந்து வரி மூணும் பொட்டுக்குப் பின்னாடி மறைஞ்சுபோச்சு. சைதூன் அக்காதான் அன்னைக்கு டூட்டி. ஆமா, நம்ம சீனியர் சிஸ்டர்தான். துணிய எடுத்துத் தொடச்சிருக்கலாம்ல? அந்தக்கா தொடைக்கல. ‘அவுங்க சாமிக்கு வச்சதும்மா, அதுவா காஞ்சு உதிரட்டும். நான் எப்படிக் கை வச்சு அழிக்கிறது’ன்னு சொல்லுது. கோட்டப் புடிச்சு மேல இழுத்திருக்கு. மூணு வரியும் பொட்டத் தாண்டி மேல வரணும்ல? இழுத்துக்கிட்டே போயிருச்சு, உச்சி வரைக்கும். மறுநாள் இறக்கிவிட்றலாம்னு நெனச்சுச்சாம். மறுநாள் அந்தக்காவ ஆபரேஷன் தியேட்டருக்கு மாத்திட்டாங்க.

நம்ம சாஃப்ட்வேரு சும்மா இருந்துச்சா? கோடு எங்க நின்னுச்சோ அதை ஞாபகம் வச்சுக்கிட்டு, தினம் காலையில ஆன் பண்ணும்போதெல்லாம் அங்கேயே கொண்டுபோய் நிறுத்துது. ஒன்பது நாளா! கரண்டு நாலு தடவை போச்சு, நாலு தடவையும் பத்திரமா அதே இடம்... அந்த வரி நீ எழுதுனதுதானே? சொல்லு... ஆங், வாயத் தொறந்து சொல்லு... சரி, அதையாவது ஒத்துக்கிட்டியே.

இந்தப் பொண்ணு சேந்ததே பூசைக்கு மறுநாள்டா. அவ பாத்த ஸ்கிரீனே அதுதான். அரை மணி நேரத்துக்கு முன்னாடி நான் வந்து கோட்டப் புடிச்சுக் கீழ இழுத்தேன். சிவப்புல ‘கருப்புசாமி, இந்த ஊசி போடக் கூடாது’ன்னு வந்துச்சு. ‘ஏனுங்க மேடம், மேல இப்படி ஒரு பெட்டி இருந்துச்சுங்களா’ன்னு கேட்டா. அழுகக்கூட இல்ல. கேட்டுட்டு மறுபடியும் போயி அந்த வாசல்லயே நின்னுக்கிட்டா.

...

அதெல்லாம் நீ மெட்ராஸ்ல உக்காந்து பேசலாம். ‘நர்ஸு கேஸ் சீட்டு பாக்கணும்’னு சட்டம் பேசாத. முன்னாடி கட்டில் தலமாட்டுல சிவப்பு மையில எழுதி அட்டை தொங்கவிட்டாங்கள்ல, ஞாபகம் இருக்கா? ‘அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துருது, கழட்டிருங்க’ன்னு சொன்னது யாரு? நாமதான். நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல நின்னு சொன்னோம். மருந்து எழுதுன டாக்டரும் இதே ஸ்கிரீனப் பாத்துத்தானே எழுதுனாரு? அவரை யாரு வாசல்ல நிக்க வச்சா? இளைச்சவன் தலையிலதான் எல்லாரும் மொளகா அரைப்பாங்க...

இருடா... என்னங்க? இல்ல, இன்னும் பேசிட்டுத்தான் இருக்கேன். எஸ்.டி.டி.தான், நான் காசு குடுத்துர்றேன்... ம், ஹலோ. இருக்கியா?

பூட்டுக்குப் பேர் போன ஊர்ல பொறந்தவன்டா நீ. உங்கப்பாவே பூட்டு பட்டறையில வேலை பாத்தவரு. ஒரு கோட்டுக்குப் பூட்டுப் போட உனக்குத் தெரியலையா? இதுக்கு மேல போகாதன்னு ஒரு அளவு வைக்க முடியாதா? மேல் பெட்டிக்கு மினிமம் சைஸ்னு ஒண்ணு குடுத்தா அதுக்கு மேல கோடு நகராதே, அது ஒரு வரிதானே? கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும்...

என்ன, போட்டிருந்தியா?... பொய் சொல்லாத... இல்லடா, பொய். போட்டிருந்தா கோடு எப்படி உச்சிக்குப் போகும்?... எங்க இருக்கு?... இங்கதான் இருக்கு, நான் வந்து சரி பண்றதுக்குன்னு டி டிரைவுல நாம எழுதுன சோர்ஸ அப்படியே வச்சிருக்கேன். தொறந்து பாத்து நீ சொன்னது இல்லைன்னா என்ன செய்யலாம் உன்னை? அதை மொதல்ல சொல்லு. நேரா பஸ் ஏறி வந்து டாக்டர் முன்னாடி நிக்கணும்... சரி, பேச்சு மாறக் கூடாது.

இரு, தொறக்குது... இந்த மெசினு ஒரு ஆமை... வார்டு ஸ்கிரீன்... ம்... எந்த வரி?... முந்நூத்திப் பத்தா? இரு... முந்நூத்தி ரெண்டு... ஆறு... ம், இருக்கு, மினிமம் சைஸ். மேல் பெட்டிக்கு நூத்தி இருபது... இருக்குதான், ஆனா அந்த வரிக்கு முன்னாடி ரெண்டு சாய்வுக் கோடு போட்டு வேலை செய்யாம ஆக்கிருக்கு. பாத்தியா! நீயே போட்டு நீயே எடுத்திருக்க! அதுக்குக் கீழ புதுசா ஒரு வரி. மினிமம் சைஸ் சைபர், சைபர். எவன்டா சைபர் குடுத்தது? சைபர் குடுத்தா பெட்டியே இல்லாமப் போயிரும்னு...

...

இல்ல, படிக்கிறேன்... பக்கத்துல குறிப்பு எழுதிருக்கு... ‘கோடு உச்சி வரைக்கும் போகணும், டாக்டர் கேட்டார்.’ பத்து, ரெண்டு, ரெண்டாயிரத்து நாலு...

...

ஆல்வின்... இரு, அதுக்குப் பக்கத்துல இன்னும் ஏதோ எழுதிருக்கு.

...

ஆமா... ஆமா, பேரும் இருக்கு. என் பேருதான்... ஞாபகம் வருது. டெமோவுக்கு மொத நாள். நீ இண்டர்வியூக்குப் போயிருந்த. டாக்டர் வந்து கோட்டப் புடிச்சு இழுத்துப் பாத்தாரு, பாதியில நின்னுக்கிச்சு. ‘என்னம்மா, நகர மாட்டேங்குது’ன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. பொம்பளப்புள்ள எழுதுனது அப்படித்தான் இருக்கும்ங்கிற மாதிரி சிரிப்பு. எனக்கு அவமானமாப் போச்சு. நகத்திக் காட்டுறேன் பாருன்னு... ஆமா, உனக்குப் போன் பண்ணேன். நீ வேண்டாம்னுதான் சொன்ன. ஆமா, சொன்ன. நான்தான் ‘உனக்கு எல்லாத்துக்கும் பயம்’னு போன வச்சுட்டேன்.

பூட்டு நீ போட்டிருக்கடா. நான் ஒடைச்சிருக்கேன். ஒடைச்சுட்டு இம்புட்டு நேரம் உன்னைக் கிழிச்சேன்...

பரவால்லைன்னு சொல்லாத! உனக்குப் பரவால்ல, அந்தப் பொண்ணுக்குப் பரவால்லையா? கருப்புசாமி சம்சாரத்துக்குப் பரவால்லையா? இன்னும் ரெண்டு நிமிஷம் தாமதிச்சிருந்தா அந்தம்மா கதி என்ன?...

என்ன சொன்ன?... திருப்பிச் சொல்லு... அந்தக் குறிப்ப எடுத்துரச் சொல்றியா? எடுத்துட்டு நூத்தி இருபத மறுபடியும் போட்டுட்டா யாருக்கும் தெரியாதா? சைதூன் அக்கா இழுத்துச்சு, பொட்டு மறைச்சுச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சா?... டேய், நீ எனக்கு நல்லதுக்குத்தான் சொல்ற, தெரியுது. அடுத்த வருசம் மூணு ஆசுபத்திரி பேசி வச்சிருக்கோம், அதுவும் தெரியுது. ஆனா ஒரு பொட்டுச் சந்தனத்த அழிக்க அந்தக்காவுக்குக் கை வரல. என் பேர நானே அழிக்கவா? என்னைய என்னன்னு நெனச்ச?... சத்தம் போடத்தான் செய்வேன். எனக்கு யார் மேல கோவம்னு உனக்குத் தெரியும்ல? பொறகு என்ன?

அதெல்லாம் வேண்டாம். நீ தியாகி ஆக வேண்டாம். மெட்ராஸ்ல இருக்கிறவன் பேரச் சொல்லிட்டா டாக்டர் ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்குத்தானே சொல்ற? உங்கம்மாவ நாளைக்கு மார்க்கெட்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறது?... சரி... சரிடா. கேளு. அந்த ஞாபகம் வச்சுக்கிற வரி எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லு. அது உன் வேலைதான், அதுல உன்னை விட மாட்டேன்... ம்... ம், பாத்துட்டேன். எடுத்துட்டேன். மேல் பெட்டி நூத்தி இருபது. பூட்டு போட்டாச்சு. என் குறிப்பு அப்படியே இருக்கும், கீழ இன்னைக்குத் தேதியும் போட்டுட்டேன். கட்டில் அட்டையையும் திரும்பத் தொங்கவிடச் சொல்லப்போறேன். கேப்பாங்களோ என்னவோ...

யாரு? கூப்பிட்டாங்களா? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே... வாரேங்க, இதோ வாரேன்... ஆல்வின், டாக்டரே இங்க வந்துட்டாரு. வைக்காத. இரு... நீ கேளு. கேட்டுக்கிட்டு இரு.

வாங்க சார்... ஆமா சார், சாஃப்ட்வேர் எழுதுன இன்னொருத்தர் லைன்ல இருக்காரு... தெரிஞ்சுபோச்சு சார். யாருன்னு தெரிஞ்சுபோச்சு... இல்ல, அட்டெண்டர் இல்ல. சைதூன் அக்காவும் இல்ல. லைன்ல இருக்கிறவரும் இல்ல சார், அவரு சரியாத்தான் போட்டிருந்தாரு. இந்த ஸ்கிரீன்ல, இந்தா, இந்த வரி. பேரு போட்டிருக்கு, படிங்க... எழுதிக் குடுக்கிறதா இருந்தா இந்தப் பேர எழுதிக் குடுங்க சார். நான் கையெழுத்துப் போடுறேன்... எம்புட்டு நேரம் வேணும்னாலும் பேசலாம் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு.

அங்காளம்மா... அங்காளம்மா, இங்க வாம்மா. பயப்படாம வா. இந்த நாற்காலிய எடுத்துக்க... ஆமா, என்னோடதுதான். காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்க. நீ உக்காரு. இனி நான் நிக்கிறேன்.

வச்சுர்றேன்டா.